பச்சைத் தண்ணீரும் படாமல்

பெரிய வெள்ளி ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றினேன். வலது கால் சப்பாத்து வரவில்லை. மனைவி சாந்தி குனிந்து நாடாவை முழுவதும் உருவி எடுத்த பிறகுதான் கால் வெளியே வந்தது. தோலில் நாடா இருந்த இடமெல்லாம் கோடு கோடாகப் பதிந்திருந்தது. அவள் என் கணுக்காலுக்கு மேலே விரலால் ஒருமுறை அழுத்தினாள். விரலை எடுத்த பின்னும் குழி அப்படியே இருந்தது.

"என்ன இது, பிசைஞ்ச மா மாதிரிக் கிடக்கு?" என்றாள்.

"மூண்டு மணித்தியாலம் நிண்டு பிரசங்கம் பண்ணினா வீங்காதா?" என்றேன்.

இதை வாசிக்கும் உங்களில் யாருக்காவது காலில் அப்படி ஒரு குழி விழுந்தால் என்னைப் போல் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அன்றே போய் இரத்த அழுத்தத்தையும் சலத்தையும் (சிறுநீர்) பரிசோதியுங்கள். நான் போகவில்லை. போகாததற்கு ஒரு காரணம் வைத்திருந்தேன். அதைச் சொல்லாமல் என் நோயைப் பற்றி எழுத முடியாது.

நான் நாவற்குடாவில் இருப்பவன். பாடசாலையில் கணிதம் படிப்பித்தேன். எங்கள் சிறிய சபையில் உபதேசியாராகவும் இருந்தேன். போதகர் வராத நாட்களில் பிரசங்கம் என்னுடையது. ஒவ்வொரு பெரிய வெள்ளியும் கிறிஸ்துவின் பாவநிவாரணத்தைப் பற்றி நான்தான் பேசுவேன். குற்றம் செய்தவன் ஒருவன், தண்டனையைச் சுமந்தவர் இன்னொருவர். தேவநீதி நிறைவேறிவிட்டது, இனி நீ சேர்க்க ஒன்றுமில்லை. இதைக் கரும்பலகையில் எழுதாத குறையாக, படி படியாக விளக்குவேன். சனம் அழும். நான் அழுததில்லை. அதில் ஒரு சொல்கூட எனக்காகச் சொல்லப்பட்டது என்று நான் நம்பவில்லை.

அந்த வெள்ளியும் காலையிலிருந்து நான் தண்ணீர் குடிக்கவில்லை. எங்கள் பக்கத்துச் சபைகளில் உபவாசம் வழக்கம். சிலர் சோற்றை மட்டும் விட்டுத் தேத்தண்ணி குடித்துக்கொள்வார்கள். கடும் உபவாசக்காரர் பொழுதுபடும்வரை பச்சைத் தண்ணீரும் படாமல் இருப்பார்கள். அப்படி இருப்பவருக்குச் சபையில் தனி மரியாதை. சுனாமியில் கடல் வந்த வருடத்துக்குப் பிறகு நான் வெள்ளிக்கிழமைகளில் அப்படி இருக்கத் தொடங்கினேன். பிறகு ஞாயிறும் சேர்ந்தது. பிறகு லெந்து நாட்கள் (ஈஸ்டருக்கு முந்திய தவக்காலம்) எல்லாமும். வெயிலில் சைக்கிள் மிதித்துப் பள்ளிக்குப் போய் ஐந்து பாடம் எடுப்பேன். பின்னேரத்துக்குள் தலை பிளக்கும். பொழுதுபட்டதும் வலிக்குளிசை (வலி மாத்திரை) இரண்டு. பிரஷருக்கு ஆஸ்பத்திரியில் தந்த குளிசைகள் மட்டும் அலமாரியின் பின்னால் பொதியோடு கிடந்தன.

"எங்கட உபதேசியார் சாட்டுக்கு உபவாசம் இருக்கிற ஆளில்ல" என்று சபையார் பெருமையாகச் சொல்வார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளே எரியும்.

கடல் வந்தது நத்தாருக்கு (கிறிஸ்துமஸ்) மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. என் தங்கை எஸ்தரின் வீடு அப்போது கல்லடிக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. அவளுடைய கணவர் கட்டாரில் வேலை. பிள்ளைகளின் நத்தார் விருந்துக்குச் சமைக்க வேண்டும் என்று எஸ்தர் விடியவே சபைக் கோயிலுக்குப் போய்விட்டாள். கோயில் வாவிப் பக்கம், மேட்டில். அங்கே தண்ணீர் வரவில்லை. அவளுடைய ஒரே மகள் நிரோஷிக்கு ஆறு வயது. அவளை உடுப்பாட்டிச் சைக்கிளில் ஏற்றி வருவது என் வேலை.

நாங்கள் படலையைத் தாண்டிச் சிறிது தூரம் போயிருப்போம். முதலில் சத்தம். பிறகு கறுப்பாகத் தண்ணீர். சைக்கிளை விட்டுவிட்டுப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். இடுப்பு, நெஞ்சு, கழுத்து. தண்ணீர் எங்களை ஒரு முந்திரிகை மரத்தில் கொண்டுபோய் மோதியது. வலது கையால் கிளையைப் பிடித்தேன். இடது கையில் நிரோஷி. ஒற்றைக் கையால் ஏற முடியவில்லை. தண்ணீர் மூக்குக்கு வந்தது. நான் இடது கையைத் திறந்தேன். இரண்டு கைகளாலும் கிளையைப் பிடித்து மேலே ஏறினேன்.

தண்ணீர் பறித்ததல்ல. விரல்களை விரித்தது நான். "மாமா" என்று ஒரு தடவை கூப்பிட்டாள்.

மத்தியானம் வாவிக் கரையில் பிள்ளையைக் கண்டெடுத்தோம். எஸ்தர் அவளை மடியில் வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நீ என்ன செய்வ அண்ணன். தண்ணி பறிச்சுப் போட்டுது" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அந்தத் தலையாட்டல்தான் என் பொய். பிறகு ஊரும் அதையே சொன்னது. நான் ஒன்றும் சேர்த்துச் சொல்லத் தேவைப்படவில்லை.

இனி நோய்க்கு வருகிறேன்.

கால் வீங்கிய சில வாரங்களில் வாயில் செம்புச் சுவை வந்தது. உடம்பு அரித்தது. சோற்றைக் கண்டால் குமட்டியது. அப்போது வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் போரால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் எங்கள் பாடசாலையில் தங்கியிருந்தன. மரத்தடியில் வகுப்பு நடத்தினோம். ஒருநாள் பின்னத்தைச் சுருக்கிக் காட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே மண்ணில் சரிந்து இருந்துவிட்டேன். இடம்பெயர்ந்து வந்த மனிசர்தான் என்னைத் தூக்கி ஓட்டோவில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர், பெண். என் இரத்த அறிக்கையை இரண்டு முறை பார்த்தார். கிரியேற்றினின் (தசைகளில் உண்டாகிச் சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) இருக்க வேண்டியதைப் போல் பல மடங்கு இருந்தது. இரண்டு சிறுநீரகங்களும் சுருங்கிவிட்டன, திரும்பி வராது என்றார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டார். பிரஷர் எவ்வளவு காலம், குளிசை போட்டீர்களா, வலிக்குளிசை எத்தனை, தண்ணீர் எவ்வளவு குடிப்பீர்கள். கடைசிக் கேள்விக்குச் சாந்திதான் பதில் சொன்னாள்.

டொக்டர் பேனையை மேசையில் வைத்தார். "யார் சேர் உங்களுக்கு இப்பிடிச் செய்யச் சொன்ன?"

"ஆண்டவருக்காக" என்றேன்.

"ஆண்டவர் கேட்டவரா?"

எனக்குக் கோபம் வந்தது. இந்தப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். இன்று யோசித்தால், என் இறையியலில் இருந்த ஓட்டையை முதல் முதலில் சரியாகத் தொட்டவர் அவர்தான்.

வெட்கத்தோடு ஒன்றைச் சொல்கிறேன். நோய் இன்னதென்று தெரிந்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. தீர்ப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். ஆண்டவர் நீதியுள்ளவர், பிள்ளையைத் தண்ணீரில் விட்டவனுக்குத் தண்ணீரையே பிரிக்க முடியாத உடம்பைக் கொடுத்திருக்கிறார். கணக்கு வாத்தியாருக்கு விடை சரியாக வந்த திருப்தி. நோயாளிகளில் பலருக்கு இப்படி ஓர் எண்ணம் வரும். "நான் செய்ததுக்குத்தான் இது" என்று தோன்றும்போது ஒருவித ஆறுதல்கூட இருக்கும். அதை நம்பாதீர்கள். அது உங்களைச் சிகிச்சைக்கு விடாது.

டயலிசிஸ் (இயந்திரத்தால் இரத்தத்தைச் சுத்திகரித்தல்) தொடங்கியது. இடது கையில் பிஸ்டியூலா செய்தார்கள் (நாடியையும் நாளத்தையும் இணைத்து, ஊசி ஏற்றுவதற்கு ஏற்ப நாளத்தைப் பருக்கச் செய்தல்). அந்த இடத்தில் விரல் வைத்தால் தேனீக்கூடு போல் இரையும். வாரத்தில் இரண்டு நாள், நான்கு மணித்தியாலம். விரல்களை விரித்த அதே கை என்பதை ஒவ்வொரு ஊசியிலும் நினைப்பேன்.

தண்ணீர் ஒரு நாளைக்கு அரை லீற்றர் மட்டும். சலம் போகாத உடம்பில் குடிப்பதெல்லாம் தங்கிவிடும். காலில் தங்கும், பிறகு நுரையீரலில் தங்கும். நான் உபவாசத்தில் பழகியவன், இது எனக்குப் பெரிய விசயமா என்று நினைத்தேன். மூன்றாம் நாள் குளியலறையில் ஈரத் துவாயைச் சப்பிக்கொண்டிருந்தேன். தானாக ஏற்றுக்கொண்ட தாகம் வேறு, கட்டிவைத்த தாகம் வேறு. முந்தியதில் எப்போது வேண்டுமானாலும் எழுந்து குடிக்கலாம் என்ற அதிகாரம் நம்மிடம் இருக்கிறது. சிலுவையில் தொங்கியவர் தாகம் என்று முறையிட்டதைப் பற்றி நான் எத்தனையோ தடவை பேசியிருக்கிறேன். அவர் தாகத்தைச் சகித்துக் காட்டவில்லை, தண்ணீர் கேட்டார் என்பது அந்தத் துவாயோடு இருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

பக்கத்து இயந்திரத்தில் காத்தான்குடி ஹாஜியார் ஒருவர் இருப்பார். புடவைக்கடைக்காரர், வாய் ஓயாது. என் உபவாசக் கதை எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது.

"தம்பி, நோயாளிக்கு நோன்பு கடமையில்ல. எங்கட மார்க்கத்தில விட்டிருக்கு. நான் இந்த வருசம் பிடிக்கல்ல" என்றார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். "உங்கட ஆண்டவர் என்ன, அவ்வளவு இறுக்கமான ஆளா?"

"அவர் இறுக்கமில்ல ஹாஜியார். நான்தான்."

"அப்ப அவர் சொல்லுறத நீங்க கேக்கிறல்ல. உங்கட சொல்லத்தான் அவர் கேக்க வேணும்."

சிரித்துவிட்டேன். ஆனால் வீட்டுக்குப் போன பிறகும் அது காதுக்குள் கிடந்தது.

மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்றார் டொக்டர். கூடப்பிறந்தவர்களுடையது பொருந்த வாய்ப்பு அதிகம். எனக்குக் கூடப்பிறந்தது எஸ்தர் மட்டும். கடலுக்குப் பிறகு அவள் எங்கள் வீடு இருக்கும் ஒழுங்கைக்கே குடிவந்து தையல் தைத்துக்கொண்டிருந்தாள். அன்றே வந்தாள். "என்டயக் குடுக்கிறன். எப்ப வரச் சொல்றாங்க?" என்றாள், தைத்த சட்டையைத் தருகிற மாதிரி.

வேண்டாம் என்றேன். ஏன் என்றாள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்றேன். சாந்தி அழுதாள். எஸ்தர் வாரத்துக்கொரு தடவை கேட்டாள். நான் வாரத்துக்கொரு தடவை மறுத்தேன். அவளிடம் உண்மையைச் சொல்லாமல் அதை வாங்குவது களவு. சொன்னால் அவள் தரமாட்டாள், தரவும் கூடாது. ஆகவே செத்துப்போவதுதான் ஒழுங்கு என்று முடிவு செய்திருந்தேன். பெரிய தியாகம் போல் எனக்குத் தோன்றியது. உண்மையில் அது சொல்லப் பயந்த ஒருவனின் சாட்டு.

ஒருநாள் காலை, டயலிசிஸ் நாள். நாங்கள் புறப்பட முன்னே நகரப் பக்கம் ஏதோ வெடித்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் கல்லடிப் பாலத்தை மூடிவிட்டார்கள். சாந்தி முதல்நாள் தன் தாயைப் பார்க்கக் களுதாவளைக்குப் போயிருந்தாள். எஸ்தர்தான் என்னோடு ஓட்டோவில் இருந்தாள். எங்களுக்கு முன்னால் பஸ்களும் மீன் வண்டிகளும் ஒரு நீள வரிசை. அதற்கு முதல் தவணையும் ஹர்த்தாலால் தவறியிருந்தது. முந்தின நாள் நான் அளவுக்கு மேலே குடித்தும் இருந்தேன்.

மூச்சு எடுக்க முடியவில்லை. எடுக்க எடுக்க உள்ளே கரகரவென்றது. நுரையீரலுக்குள் தண்ணீர் ஏறுகிறது என்று எனக்குத் தெரிந்தது. கரையில், வெயிலில், ஓட்டோவுக்குள் இருந்துகொண்டு மூழ்கினேன். எஸ்தர் என் இடது கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். சாரதி இறங்கிச் சோதனைச்சாவடிக்கு ஓடினார். ஒரு மணித்தியாலம் என்றார்கள், பிறகு தெரியாது என்றார்கள்.

"விட்டிராத அண்ணன். மூச்ச விட்டிராத. பிடிச்சிரிக்கன்" என்றாள்.

அந்தச் சொல்லை என்னால் தாங்க முடியவில்லை.

"எஸ்தர், தண்ணி பறிக்கல்ல" என்றேன். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வேண்டியிருந்தது. "நான்தான் விட்டன். ஏறுறதுக்கு. கைய விரிச்சன்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. எனக்கு அது அவள் முகத்தில் தெரியவில்லை, கையில் தெரிந்தது. அவள் கை மரமாகிவிட்டது. ஆனால் எடுக்கவில்லை. பாலம் திறக்கும்வரை எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. அவ்வளவு நேரமும் என்னைப் பார்க்காமல், வாவியைப் பார்த்தபடி, என் கையைப் பிடித்திருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் தள்ளுவண்டியில் ஏற்றிய பிறகுதான் விட்டாள். திரும்பிப் பார்க்காமல் நடந்துபோனாள்.

பிழைத்துவிட்டேன். "இன்னும் அரை மணித்தியாலம் பிந்தியிருந்தா..." என்று தொடங்கிய டொக்டர் வசனத்தை முடிக்கவில்லை.

அதன் பிறகு இரண்டு மாதம் எஸ்தர் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அவளுடைய தையல் மெசின் சத்தம் மட்டும் ஒழுங்கையில் கேட்கும். சாந்திக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அலமாரியைத் தள்ளி, பின்னால் கிடந்த குளிசைப் பொதிகளை எடுத்துக் குப்பையில் போட்டாள். சபையிலும் எழுந்து நின்று சொன்னேன். சிலர் எனக்காக அழுதார்கள். ஒரு வயதான அம்மா மட்டும், "அந்தப் பிள்ளைக்காக அழுங்க" என்றார். உபதேசியார் வேலையிலிருந்து நானாக விலகினேன்.

அந்த இரண்டு மாதமும் நான் உபவாசம் இருக்கவில்லை. ஏனென்று கேட்டால், அதற்கு இனி அர்த்தம் இருக்கவில்லை. இத்தனை வருடமும் என் பாவத்துக்கு நானே பலியாகப் பார்த்திருக்கிறேன். பலிபீடமும் நான், பூசாரியும் நான். அதில் எஸ்தருக்கும் இடமில்லை, கிறிஸ்துவுக்கும் இடமில்லை. பலி கேட்டவரும் நானாகவே இருந்தேன். இப்போது கையில் ஒன்றும் இல்லை. இயந்திரம் வேண்டும், ஊசி போடத் தாதி வேண்டும், யாரோ முகம் தெரியாதவர் கொடுத்த இரத்தம் வேண்டும். ஜெபம் செய்யவும் எனக்கு ஒரு சொல்லுத்தான் மிச்சமிருந்தது: இரங்கும்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் எஸ்தர் படலையைத் திறந்துகொண்டு வந்தாள். கையில் ஒரு கோப்பு மட்டை. அவளுடைய இரத்த வகையும் பரிசோதனை முடிவுகளும். நான் படுக்கையில் கிடக்கும்போதே தனியாகப் போய்ச் செய்திருக்கிறாள். மட்டையை மேசையில் வைத்தாள். கதிரையில் இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

"பொருந்துதாம். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கடிதம் தந்திரிக்காங்க. அவர்ட்டயும் போனில கதைச்சிட்டன்" என்றாள். அவர் என்றது கட்டாரில் இருக்கும் கணவரை.

"எஸ்தர், என்ன மன்னிச்சிட்டியா?"

"இல்ல" என்றாள். உடனே சொன்னாள். "மன்னிச்சிட்டனெண்டு நினைச்சிராத. அது வரக்குள்ள வரட்டும், எனக்கிட்ட இன்னும் வரல்ல. ஒவ்வொரு நாளும் கேக்கிறன் ஆண்டவர்ட்ட. ஆனா உன்ட உடம்பு அதுவரைக்கும் பாத்துக்கொண்டிரிக்காது."

"அப்ப ஏன் தாற?"

அவள் அப்போதுதான் அழுதாள். "தண்ணிக்குள்ள மூச்சு முட்டிச் சாகிறத நான் ஓட்டோக்குள்ள பாத்தன். என்ட புள்ளயும் அப்பிடித்தான் போயிரிப்பாள். இன்னொருக்காப் பாக்க எனக்கு ஏலாது. நீயெண்டாலும்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "வேணாமெண்டு சொல்ல உனக்கு உரிமையில்ல அண்ணன். இந்த ஒருதரம் வாயப் பொத்திக்கொண்டு வாங்கு."

வாயைப் பொத்திக்கொண்டேன்.

கண்டிப் பயணம் நீண்டது. ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் எல்லாரும் இறங்கி நடந்து மறுபடி ஏற வேண்டும். என்னால் நடக்க முடியாது. சாந்தியும் எஸ்தரும் இரண்டு பக்கமும் தாங்கினார்கள். அதுவரை வீங்கிய கால்களை யாருக்கும் காட்டாமல் மறைத்த நான், அங்கே ஒரு இராணுவச் சிப்பாய்க்கு முன்னால் காற்சட்டையைச் சுருட்டி வீக்கத்தைக் காட்டினேன். அவன் குழி விழுவதைப் பார்த்துவிட்டு வழிவிட்டான்.

ஆஸ்பத்திரியில் ஒரு குழு எஸ்தரைத் தனியாக விசாரித்தது. யாரும் வற்புறுத்தினார்களா, ஏன் கொடுக்கிறாய் என்று மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டார்களாம். என்ன சொன்னாய் என்றேன். "என்ட அண்ணன் எண்டு சொன்னன். வேற என்ன சொல்ல?" என்றாள்.

சத்திரசிகிச்சை சித்திரை மாதத்தில் நடந்தது. கொடுப்பவருக்குத்தான் வலி அதிகம் என்பதைப் பலர் அறிய மாட்டார்கள். எடுத்துக்கொள்பவனுக்கு வயிற்றின் அடிப்பக்கத்தில் ஒரு வெட்டு. கொடுப்பவருக்கு விலாவுக்குக் கீழே, சுகமாயிருந்த உடம்பில் வெட்டு. எனக்கு விழிப்பு வந்தபோது கட்டிலோரத்துப் பையில் மஞ்சளாகச் சலம் இறங்கிக்கொண்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு வருடமாக நான் காணாத நிறம். அழுதேன். பிரசங்க மேடையில் வராத அழுகை முழுவதும் அங்கே வந்தது.

எஸ்தர் எழுந்து நடக்கத் தொடங்கியதும் என்னைப் பார்க்க வந்தாள். தொற்று வரக்கூடாது என்று என்னைக் கண்ணாடி அறையில் வைத்திருந்தார்கள். விலாவைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு, கூனி, ஒவ்வொரு அடியாக வைத்து அவள் வருவதைக் கண்ணாடியூடாகப் பார்த்தேன். குற்றம் செய்தவன் ஒருவன், சுமந்தவர் இன்னொருவர் என்று எத்தனை வருடம் சொல்லியிருப்பேன். அது பரலோகத்தில் எங்கோ முடிந்த கணக்கு என்பது போலத்தான் சொன்னேன். நீதி ஒன்றும் தள்ளுபடியாகவில்லை. என் தப்பு தப்பாகவே இருந்தது. அதன் வலி மட்டும் அநியாயம் செய்யப்பட்டவளின் விலாவுக்குப் போயிருந்தது, அவளாகவே வாங்கிக்கொண்டாள். எஸ்தர் கிறிஸ்து அல்ல. அப்படிச் சொன்னால் என்னை அடிப்பாள். ஆனால் அவர் என்ன செய்தார் என்பதை நான் அவள் நடந்த நடையில்தான் விளங்கிக்கொண்டேன்.

போர் முடிந்த செய்தி வந்தபோது நாங்கள் இன்னும் கண்டியில்தான் இருந்தோம். வைகாசி மாதத்தில் ஒரு பகல். தெருவெல்லாம் வெடி கொளுத்தினார்கள். முதல் வெடிக்கு நானும் எஸ்தரும் ஒரே நேரத்தில் குனிந்தோம். பிறகுதான் அது பட்டாசு என்று தெரிந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். கடைசிச் சண்டை நடந்த வன்னிக் கடற்கரையில் யார் யார் பிள்ளைகளின் கைகளைப் பிடித்துக்கொண்டு ஓடினார்களோ, எத்தனை கைகள் நழுவினவோ, எத்தனை கைகளை யார் விட்டார்களோ என்று நினைத்தேன். அவளும் அதைத்தான் நினைத்திருப்பாள். சிங்களத் தாதி ஒருவர் வந்து எங்கள் இருவரையும் பார்த்தார். ஜன்னலைச் சாத்திவிட்டு, என் கோப்பையில் தண்ணீரை நிரப்பி வைத்துவிட்டுப் போனார்.

தேவநீதியைப் பற்றி இப்போது யாராவது என்னிடம் கேட்டால் முன்போல் படி படியாக விளக்க மாட்டேன். அந்தப் பட்டாசுச் சத்தத்துக்கு என்னிடம் விடை இல்லை. அவர் தண்டிக்கிறவராக மேலே மட்டும் இருந்திருந்தால் நான் அவரை விட்டு எப்போதோ போயிருப்பேன். தாகத்தோடு கீழே இருந்தவர் என்பதால் இன்னும் போகவில்லை.

இப்போது என் உடம்பு முழுவதும் என்னுடையதல்ல. வயிற்றின் வலது பக்கத்தில் அழுத்தினால் கையில் ஒன்று தட்டுப்படும்; அது என் தங்கையுடையது. என் உடம்பு அதை அந்நியம் என்று துரத்தப் பார்க்கும். துரத்தாமலிருக்கக் காலை எட்டுக்கும் மாலை எட்டுக்கும் குளிசை, உயிருள்ளவரை. முன்பு நாட்களை உபவாசத்தால் பிரித்தேன். இப்போது குளிசையும் தண்ணீரும் பிரிக்கின்றன. ஒரு நாளைக்கு மூன்று லீற்றர் குடிக்க வேண்டும். இந்த நோயோடு இருப்பவர்களே, குடிக்க அனுமதி உள்ளவர்கள் குடியுங்கள். அனுமதி இல்லாதவர்கள் டொக்டர் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். இரண்டும் கீழ்ப்படிதல்தான்.

காலை ஒன்பது மணிக்கு என் போன் அடிக்கும், எஸ்தர். கடல் வந்ததும் அதே பொழுதில்தான். அவள் அதைச் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"குடிச்சயா?"

"குடிச்ச."

"எத்தின கோப்பை?"

"ரெண்டு."

"மூண்டாக்கு. அது என்ட. காயப் போட்டிராத."

அவ்வளவுதான். வைத்துவிடுவாள்.

ஊருக்குத் திரும்பிய பின் வந்த முதலாவது நத்தாருக்கு மறுநாள், நிரோஷியின் கல்லறைக்குப் போனோம். சாந்தி, நான், எஸ்தர், சபையார் சிலர். அன்று காலை மட்டும் ஒரு சொட்டும் குடிக்காமல் போயிருந்தேன். பழைய புத்தி. இந்த ஒரு காலையாவது பிள்ளைக்காக என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். போனையும் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன்.

ஜெபம் முடிந்தது. ஒன்பது மணி ஆகியிருந்தது. எஸ்தர் என் உதட்டைப் பார்த்தாள். பிறகு தன் பையைத் திறந்து ஒரு போத்தலை எடுத்து, எல்லோருக்கும் முன்னால், தன் மகளின் கல்லறைக்கு மேலாக என்னிடம் நீட்டினாள்.

"குடி" என்றாள்.

"இண்டைக்கு மட்டும்..."

"இண்டைக்குத்தான் குடிக்க வேணும்."

ஒரு மிடறு குடித்து நிறுத்தினேன். அவள் கல்லறையைச் சுற்றி என் பக்கம் வந்தாள். என் இடது கையை, பிஸ்டியூலாத் தழும்புக்குக் கீழே, இறுக்கிப் பிடித்தாள். பாலத்தடியில் மரமாய் இருந்த கை இல்லை அது.

"முழுக்க" என்றாள்.

குடித்தேன். போத்தல் காலியாகும்வரை அவள் என் கையை விடவில்லை.